வெயிலுக்குக் காத்திருந்த கண்

கல்லிடைக்குறிச்சியில் எங்களை இறக்கிவிட்டு பஸ் நகர்ந்ததும், எஸ்தர் என் கையைப் பிடிப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்த்தாள்.

"மூடிக்கிட்டு நிக்குது பாரு. இன்னைக்கு ஆரம்பிக்க முடியாதுட்டி" என்றாள்.

இருபத்தெட்டு வருடம் கழித்துச் சந்திக்கும் தோழி சொன்ன முதல் வாக்கியம் அது. கேரளத்தில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். அவள் பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டுப் பெண். கண் சிகிச்சையில் மேற்கொண்டு பயின்று, இந்த ஊரில் மாடி வைத்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கீழே வைத்தியசாலையும் மேலே குடித்தனமுமாக இருக்கிறாள். நான் மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடிந்ததும் அங்கேயே திரும்பிப் போய், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் சண்முகத்தை அவளிடம் காட்டத்தான் வந்திருந்தோம். அவருக்கு வயது ஐம்பத்தேழு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பதினான்கு வருடமாக இனிப்புநீர். எங்கள் ஊர்த் தமிழர்கள் அப்படித்தான் சொல்வோம். இங்கே எல்லாரும் சுகர் என்கிறார்கள். ஆறு மாதமாகக் கண்ணில் மங்கல். எதிரே வரும் வண்டியின் எண் தெரியவில்லை என்று முதலில் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

"வாங்கண்ணே. பிரயாணம் எப்பிடி இருந்துச்சு?" என்று எஸ்தர் அவர் பையை வாங்கினாள்.

"பஸ்ல எல்லாம் சௌக்கியம்தான்மா. அந்த டிரைவர்தான் என்கிட்ட நாலு பாடம் படிக்கணும்" என்றார். வரும் வழியெல்லாம் அவருடைய வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. சேரன்மகாதேவிக்குப் பிறகு வாழைத்தோட்டம், நெல்வயல், வாய்க்கால் என்று எதுவும் அவர் கண்ணில் படவில்லை. முந்திப்போகும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பெட்டியில் துணி இருந்தது, மாத்திரை இருந்தது, எஸ்தருக்கு வாங்கிய பத்திக் சேலை இருந்தது. தைப்பிங் கண் மருத்துவமனை கொடுத்த கோப்பு இல்லை. அதை என் துணி அலமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மறந்து அல்ல.

அங்கே நடந்தது இதுதான். பரிசோதனை முடிந்து மருத்துவர் கூப்பிட்டபோது, சர்க்கரை இறங்கிப் படபடக்கிறது என்று என் கணவர் சிற்றுண்டிச் சாலைக்குப் போயிருந்தார். நான் தனியாக உள்ளே போனேன். இரண்டு கண்ணின் விழித்திரையிலும் புதிதாக மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, அவை உடையக்கூடியவை, தாமதிக்காமல் லேசர் செய்ய வேண்டும் என்று மருத்துவர் மலாயில் சொல்லி, நாளும் குறித்துக் கொடுத்தார். வெளியே வந்து நான் என் கணவரிடம் சொன்னது: "கொஞ்சம் கசிவு இருக்காம். மருந்திலேயே அடங்கிரும்."

என் அண்ணனுக்கும் இதே நோய். அவனுக்கு லேசர் செய்தார்கள். நான்கு மாதத்தில் பார்வை போய்விட்டது. லேசர்தான் பிள்ளையின் கண்ணைக் குடித்தது என்று அம்மா சாகும்வரை சொன்னாள். அவன் லேசருக்குப் போனதே காலம் கடந்துதான் என்று வைத்தியம் படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மருத்துவரின் அறையில் அண்ணன் சுவரைத் தடவி நடந்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. எஸ்தரின் நெய் சிகிச்சையில் பார்வை தெளிந்த கதைகளை அவளே எனக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று காலைப் பசியாறலுக்குச் சிறுபயறு தோசையும் இஞ்சித் துவையலும். சாப்பிட்டுக்கொண்டே எஸ்தர் விளக்கினாள். "தர்ப்பணம்னா ஒண்ணும் பயப்பட வேண்டாம்ணே. உளுந்து மாவ கெட்டியா பெசஞ்சு கண்ணச் சுத்தி ஒரு வரப்பு கட்டுவோம். அதுக்குள்ள இளஞ்சூட்டுல மருந்து நெய்ய ஊத்துவோம். கண்ண முழிச்சு முழிச்சு மூடணும். அவ்வளவுதான்."

"தர்ப்பணமா? நான் இன்னும் உயிரோடதான்மா இருக்கேன்" என்றார் அவர். எஸ்தர் சிரித்ததில் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேகம் மூடிய நாளில் தர்ப்பணம் செய்யக் கூடாது என்பது நாங்கள் படித்த விதி. கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் கூடாது. கவலையும் களைப்பும் உள்ளவருக்குக் கூடாது. உபத்திரவம் அடங்காத கண்ணுக்குக் கூடவே கூடாது. இதில் முதல் விதியை மட்டும்தான் அன்று எஸ்தர் பேசினாள். கடைசி விதியைப் பேச அவளுக்குக் காரணம் இல்லை. எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாம் நாள் விடியும்போதே மழை. தைப்பிங்கிலும் மழைக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே அது மத்தியானத்துக்கு மேல் வந்து, கொட்டி, போய்விடும். இங்கே ஐப்பசி மழை காலையில் வந்து உட்கார்ந்தால் எழுந்திருப்பதாக இல்லை. மழை விட்ட சமயம் பார்த்து எஸ்தர் என்னை உளுந்து மாவு வாங்க அழைத்துப்போனாள். அப்பளம் போடும் வீடு ஒன்றில்தான் அவள் மாவு வாங்குவாள். அங்கேயும் வேலை நின்றிருந்தது. காயவைக்க வெயில் இல்லாமல் கூடைகளைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள்.

"டாக்டரம்மா, ஒங்களுக்கும் வெயில் வேணும், எங்களுக்கும் வெயில் வேணும். யாரு கும்புடுத சாமி குடுக்கான்னு பாப்போம்" என்றாள் மாவு அளந்த பெண்.

திரும்பும்போது ஆற்றங்கரை வழியாக வந்தோம். படித்துறையில் கீழ்ப்படிகள் முழுகி, தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. எஸ்தர் நின்றாள்.

"அண்ணனோட ரிப்போர்ட்ட இன்னும் நீ காட்டலியே?"

"வீட்டிலேயே விட்டுட்டு வந்திட்டேன் எஸ்தர்."

"யாரையாச்சும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லேன்."

"வீடு பூட்டிக் கிடக்கு."

"சரி, என்ன நிலைன்னு சொன்னாவ?"

"ஆரம்ப நிலைதான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். கூடப் படித்தவள் சொன்னதால் நம்பினாள்.

மூன்றாம் நாள் ஏழு மணிக்கு வெயில் வந்தது. எஸ்தர் மாடிப்படியில் நின்று, "ஏட்டி, எறங்கி வாங்க, சட்டுனு!" என்று கூப்பிட்டாள். என் கணவர் பலகை மேசையில் மல்லாந்து படுத்தார். அவள் மாவைத் திரித்து வலது கண்ணைச் சுற்றி வளையமாக ஒட்டினாள். விளிம்பை விரலால் நீவி, ஒழுகுமா என்று சொட்டு வெந்நீர் விட்டுப் பார்த்தாள். பிறகு இடது கண். நெய்க் கிண்ணம் வெந்நீர்ச் சட்டியில் மிதந்தது. திரிபலா வாசம் அறை முழுவதும். நான் அவர் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்திருந்தால் சொல்லியிருப்பேன். திறக்கவில்லை.

எஸ்தர் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது ஜன்னலில் இருந்த வெளிச்சம் போயிற்று. எட்டிப் பார்த்தாள். பொதிகைப் பக்கமிருந்து கருமேகம் ஏறி வந்திருந்தது. கிண்ணத்தை மறுபடி சட்டியில் வைத்தாள்.

"வேண்டாம்ணே. நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்று பைய மாவை உரித்து எடுத்தாள்.

"அப்பளம் போச்சா?" என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். தப்பித்தோம் என்றும் இருந்தது, ஒரு நாள் போயிற்று என்றும் இருந்தது.

நான்காம் நாள்தான் தைப்பிங்கில் லேசருக்குக் குறித்திருந்த நாள். அது என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். காலையில் மறுபடியும் மூட்டம். சும்மா இருந்து சலித்துப்போன என் கணவர், "திருச்செந்தூர் போய் முருகனைப் பார்த்துட்டு வந்திடலாம். இவ்ளோ தூரம் வந்துட்டுப் பார்க்காம போனா ஊர்ல கேப்பாங்க லா" என்றார். அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து அந்த நாளைக் கழிக்க முடியாது என்பதால் நானும் சரி என்றேன்.

திருநெல்வேலியில் பஸ் மாறினோம். பச்சை உடுத்திய பக்தர் கூட்டம். ஓர் அம்மாள் மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, வாழையிலைத் துண்டில் அல்வாவை என் கணவரிடம் நீட்டினாள்.

"சுகருமா எனக்கு."

"அட, எங்க வீட்டுக்காரருக்கும் சுகருதான். கோயிலுக்குப் போகையில ஒண்ணும் செய்யாது, சாப்பிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். அந்த அம்மாளே அதைத் தின்றாள். ஆழ்வார்திருநகரி வரை அந்த நெய் வாசம் எங்களோடு வந்தது.

கோயிலில் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றோம். தரிசனம் முடிந்து கடலில் கால் நனைத்தார். பிறகு நாழிக்கிணற்றுக்குப் படியிறங்கிக் குனிந்து தலையில் நீர் ஊற்றிக்கொண்டு மேலே வந்தார். துண்டால் துடைத்துக்கொண்டவர் முகத்துக்கு முன்னால் கையை வீசினார். மறுபடியும் வீசினார்.

"இங்க என்ன இவ்ளோ ஈ?" என்றார்.

நான் பார்த்தேன். ஓர் ஈ கூட இல்லை.

எங்கள் படிப்பில் கண்ணுக்கு நான்கு உள்படலங்கள். உடம்பில் கெட்டது ஒவ்வொரு படலமாகத் தாண்டி உள்ளே போகப் போக நோய் பெயர் மாறும். முதலில் திமிரம், முற்றினால் காசம், எல்லாம் இருண்டால் லிங்கநாசம். இரண்டாம் படலத்துக்குப் போனவன் இல்லாத ஈயையும் கொசுவையும் மயிரையும் வலையையும் காண்பான் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எஸ்தரும் நானும் அறையில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். அந்த ஈ என் புருஷன் முகத்துக்கு முன்னால் பறந்தது.

"இடது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

மூடினார். "கறுப்பு நூல் மாதிரி தொங்குது. புகை மாதிரியும் இருக்கு. உள்ள கற்பூரப் புகை பட்டதா?"

"வலது கண்ணை மூடிப் பாருங்க."

"இதில ஒண்ணும் இல்ல." என் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். "என்ன தேவகி?"

"ஒண்ணுமில்ல. கிளம்பலாம். குனியாதீங்க, இனிமே எதுக்கும் குனியாதீங்க."

செருப்பை நானே அவர் காலில் மாட்டிவிட்டேன். கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினோம். பக்கத்தில் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர், தொப்பி போட்டு, மடியில் ஒரு துணிப்பையோடு. என் கணவர் தலையைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டியபோது, "நூல் இல்ல, இப்ப திரை மாதிரி இருக்கு. சிவப்பா இருக்கு" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

செய்துங்கநல்லூருக்கு முன்னால் டமார் என்று ஒரு சத்தம். பின் டயர். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க, ஒரு மணி நேரம் ஆவும்" என்றார். தூறலில் யாரும் இறங்கவில்லை. நான் எஸ்தருக்குப் போன் செய்தேன்.

நான் சொன்னதை அவள் பாதியிலேயே நிறுத்தினாள். "இரு. ஆரம்ப நிலைன்னுதான நீ சொன்னே? ஆரம்ப நிலையில இப்பிடி ரத்தம் எறங்காதே." அவளுக்குப் பெரிய குரல். போனைக் காதோடு அழுத்தியும் வெளியே கேட்டது. "தேவகி, உண்மையச் சொல்லு. அங்க என்ன சொன்னாவ?"

என் கணவரின் தோள் என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. எழுந்து வேறிடம் போக வழியில்லை. இடைவெளி முழுக்க ஆள்.

"ரெண்டு கண்ணிலயும் புதுக் குழாய் முளைச்சிருக்குன்னு சொன்னாங்க" என்றேன். "எப்ப வேணும்னாலும் உடையலாம்னு சொன்னாங்க. லேசருக்கு நாள் குடுத்தாங்க. இன்னிக்குத்தான் அந்த நாள். நான் அவர்கிட்ட சொல்லல. உன்கிட்டயும் சொல்லல."

என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய தோள் மட்டும் என் தோளிலிருந்து விலகியது.

"நேரே பாளையங்கோட்டைக்குப் போ" என்றாள் எஸ்தர். "கண்ணாஸ்பத்திரிக்கு. நான் போன் பண்ணிச் சொல்லுதேன். அவரப் படுக்க வைக்காத. நான் வாரேன்."

பக்கத்தில் இருந்த வியாபாரி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் என் கணவரிடம் குனிந்தார். "அண்ணாச்சி, எனக்கும் இதான் வந்துச்சு. எடது கண்ணு. அஞ்சு வருசம் ஆச்சு. இந்தா ஒங்களப் பாக்கேன்லா? வாங்க, இந்த வண்டிய நம்பி ஒக்காராண்டாம்."

அவரே முன்னால் இறங்கி, சாலையில் நின்று, கையைக் காட்டி, வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு வேனை நிறுத்தினார். "கண்ணுக்கு ஆபத்து வே, பாளையங்கோட்டையில எறக்கி விடும்" என்றார் ஓட்டுநரிடம். முன்னிருக்கையில் என் கணவர். பின்னால் தார்களுக்கு நடுவே நானும் வியாபாரியும் நின்றுகொண்டே போனோம். வேன் குலுங்கும்போதெல்லாம் அவர் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். மருத்துவமனை வாசலில் எங்களை இறக்கி, உள்ளே போய் வரிசை கேட்டு, சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். "துஆ செய்யுதேன் தங்கச்சி" என்றார். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவர் முப்பது வயதுப் பெண். சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, என் கணவரை மெஷின் முன்னால் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் என்னிடம் பேசவில்லை. என் கணவரிடமே பேசினார்.

"வலது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு சார். அது கொஞ்சம் கொஞ்சமா வடியும். வடியலன்னா ஆபரேஷன் யோசிக்கணும். நாளைக்கு ஒரு ஊசி போடுவோம். இடது கண்ணுலயும் அதே மாதிரி குழாய் இருக்கு. இன்னும் உடையல. அதுக்கு இப்பவே லேசர் ஆரம்பிச்சிரலாம்." பிறகு நிமிர்ந்தார். "இதுக்கு முன்னாடி யாரும் லேசர் செய்யணும்னு சொல்லலியா?"

நான் வாயைத் திறந்தேன்.

"சொன்னாங்க டாக்டர்" என்றார் என் கணவர். "நாங்கதான் போகல."

நாங்கள் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் லேசர் அறைக்குள் இருந்த நேரம் முழுவதும் அந்த ஒரு சொல்லோடு இருந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

அவர் உள்ளே இருக்கும்போதே எஸ்தர் வந்துவிட்டாள். நனைந்த குடை, கையில் கஞ்சித் தூக்கு. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"நேத்தைக்கு அந்த மேகம் வரலைன்னா நான் நெய்ய ஊத்தியிருப்பேன்" என்றாள். "மல்லாக்கப் படுக்க வச்சு, என் கையால. அப்பம் இது உடைஞ்சிருந்தா? எம்மேல பழி வந்துட்டுப் போவுது. இது தெரியாம அவரு அங்கன நெய்யிக்குள்ள கண்ண முழிச்சுக்கிட்டுக் கெடந்திருப்பாரேட்டி."

"எனக்கு நம்ம வைத்தியத்து மேல நம்பிக்கை எஸ்தர்."

"இல்ல. நம்பிக்கை இருந்திருந்தா என்கிட்ட உண்மையச் சொல்லியிருப்பே. உபத்திரவம் அடங்காத கண்ணத் தொடாதேன்னு நமக்குச் சொல்லிக் குடுத்தாவளா இல்லியா? பிரமேகம்கிற இந்தச் சுகரு ரத்தத்தக் கெடுக்கும், கெட்டது கண்ணு வரைக்கும் ஏறும்னு எழுதி வச்சவங்ககிட்ட கேமரா இல்ல. இருந்திருந்தா மொதல்ல அந்தப் படத்தத்தான் பாத்திருப்பாங்க. நீ படம் இருந்தும் ஒளிச்சு வச்சுட்டு வந்திருக்கே."

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "அவருக்கு லேட்டாச்சு. இவருக்கும் லேட்டாக்கப் பாத்தியே" என்று மட்டும் சொன்னாள். பிறகு தூக்கைத் திறந்து என்னைக் கஞ்சி குடிக்கவைத்தாள். கோபம் தீராமலேயே கரண்டியை நீட்டினாள்.

மறுநாள் ஊசி. அதற்கு மறுநாள் வெயில் வந்தது. அப்படி ஒரு வெயில். அப்பளக்காரர்கள் தெருவெங்கும் பாயை விரித்தார்கள். ஒரு வாரம் ஒரு துண்டு மேகம் இல்லை. வீட்டில் யாரும் தர்ப்பணத்தைப் பற்றிப் பேசவில்லை. எஸ்தர் மருந்து நெய்யை மூடி அலமாரியில் ஏற்றிவிட்டாள். "இப்பம் கண்ணு ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு. வயிறும் ரத்தமும் எனக்கு" என்று என் கணவரின் சாப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பாகற்காய், கீரை, அளந்து போட்ட சோறு, காலையும் மாலையும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. மாத்திரையில் ஒன்றைக்கூட அவள் நிறுத்தவில்லை.

அவர் எஸ்தரிடம் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் பேசினார். என்னிடம் தேவைக்கு மட்டும். தலை உயர்ந்திருக்க வேண்டும் என்பதால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார். நான் கீழே பாய் விரித்துப் படுத்தேன். சில சமயம் அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்.

இதை எழுதும்போது நாங்கள் தைப்பிங்கில் இருக்கிறோம். இடது கண் நிற்கிறது. வலது கண்ணில் ரத்தம் வடிய மூன்று மாதம் ஆயிற்று. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை, ஆனால் நடுவில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. வண்டி கற்றுக்கொடுக்கும் உரிமத்தை அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அதே ஓட்டுநர் பள்ளியின் அலுவலக மேசையில் உட்கார்ந்து மாணவர்களுக்குச் சாலை விதி சொல்லித்தருகிறார். சர்க்கரை நோயாளி என் மருந்துக்கடைக்கு வந்தால், விழித்திரைப் படம் எடுத்தாயிற்றா என்று கேட்காமல் நான் நாடியைத் தொடுவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பாளையங்கோட்டையில் இரண்டாம் தடவையும் லேசர் செய்து முடித்த பிற்பகலைப் பற்றி. கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு என் கணவர் முன்னால் நடந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"ரெண்டு டீ, சீனி இல்லாம" என்றார் கடைக்காரரிடம். அந்த ஊரிலும் எங்களைப்போல் சீனி என்றுதான் சொல்கிறார்கள். டீ வந்ததும், பத்து நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, மலாயில் பேசினார். எங்களைச் சுற்றி ஒருவருக்கும் புரியாத பேச்சு.

"அந்த டாக்டர் என்ன சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லு. ஒண்ணும் விடாத."

சொன்னேன். மலாயிலேயே சொன்னேன். குழாய்களைப் பற்றிச் சொன்னது, உடைந்தால் என்ன ஆகும் என்றது, நாளைத் தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னது, வீட்டுக்காரரிடம் நான் பேசட்டுமா என்று கேட்டது, வேண்டாம் நானே பேசிக்கொள்கிறேன் என்று நான் பதில் சொன்னது. அந்தக் கடைசி இரண்டையும் எஸ்தரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சம் கூசிக் கண்ணில் நீர் வடிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"உனக்குப் பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தேவகி" என்றார், தமிழில். "நானும் பயந்திருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து பயந்துக்கிட்டே போயிருக்கலாம், அந்த லேசருக்கு."

அவர் ஆறிய டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்பவும் எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றார். "உனக்கு?"

"எனக்கும்" என்றேன்.